கைக்குப் பத்தொன்பது, கோட்டுக்கு ஒன்று

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் நீளும் மணல் கரையில் தென்னை வரும், வெங்காயம் வரும், மிளகாய் வரும். கலியாணத்துக்கு ஆகிற ரோஜா மட்டும் வராது. முற்றத்தில் ஒரு செடி நிற்கும், பூக்கவும் செய்யும். ஆனால் மொட்டு சின்னது, காம்பு குட்டை. காலையில் விரிந்தது பகல் சாப்பாட்டுக்குள் இதழைக் கொட்டிவிடும். ரோஜாவின் சிவப்பு குளிரில்தான் ஒழுங்காக ஏறும். சூட்டில் மொட்டு அவசரப்பட்டு விரிகிறது, இதழ் குறைகிறது, நிறம் வெளிறிப்போகிறது. புத்தளத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. ஆகவே இந்தக் கரையில் மணப்பெண் கையில் பிடிக்கிற பூச்செண்டும், மாப்பிள்ளை கோட்டில் குத்துகிற பூவும் மலையில் பிறந்து இறங்கி வந்தவை.

ஆனாலும் ரோஜாவை இந்தக் கரைக்குப் புதியது என்று சொல்லிவிட முடியாது. பூவாகப் புதிது, நீராகப் பழையது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா கரையிறங்கிய ஊரை ‘பத்தாளா’ என்று எழுதுகிறார். அது புத்தளம் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாளரின் முடிவு. கரையெல்லாம் கறுவாக் கட்டை குவிந்து கிடந்ததைப் பார்த்தார். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் போக ஆள்துணையும் கொடுத்து அனுப்பினார். அந்தக் காலத்து அரபு, பாரசீகக் கப்பல்களின் சரக்குகளில் பன்னீரும் ஒன்று. ஷிராஸ் பக்கத்துப் பன்னீர் இந்தியாவையும் தாண்டிச் சீனா வரை போனது. புத்தளத்து முஸ்லிம் கலியாணத்திலும் சரி, உடப்பு ஊரின் இந்துக் கலியாணத்திலும் சரி, வருகிறவர்கள்மீது தெளிக்கிற பன்னீர் அந்தப் பழைய ரோஜாவின் வழி வந்தது. அது மணத்துக்காகவே வளர்த்த சாதி. பூச்செண்டு ரோஜாவை மூக்கில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுமிராது. நீளக் காம்பும், கூர் மொட்டும், பல நாள் வாடாத இதழும் வேண்டுமென்று கலந்து கலந்து வளர்த்ததில் வாசம் நழுவிப்போயிற்று. பக்கத்திலிருக்கும் மல்லிகைச் சரம் அந்தக் குறையை மூடிவிடுவதால் யாரும் கேட்பதில்லை.

இந்த வாசமில்லாத ரோஜாவின் பாட்டன் சீனாக்காரன். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடுகிறவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் போய்ச் சேர்ந்த சீன ரோஜாக்களோடு கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் அவற்றுக்கு வந்தது. 1867இல் பிரான்சின் லியோன் நகரத்துக் கியோ என்பவர் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ வகையை இன்றைய ரோஜாவின் தொடக்கமாக வைப்பது வழக்கம். அதே நூற்றாண்டில் நுவரெலியாவில் வெள்ளைக்காரர் தங்கள் ஊர்க் குளிரைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடப் பார்த்தார். 1861இல் ஹக்கலையில் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய தோட்டத்தை இன்று சனம் பார்க்கப் போவது அதன் ரோஜாக்களுக்காக. கொயினா மருந்துக்குத் தொடங்கி ரோஜாவில் முடிந்த தோட்டம். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு.

நுவரெலியா இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றரில். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துப் பொலித்தீன் கூடாரங்களில் வெட்டு ரோஜா வளர்கிறது. விடிய முதலே வெட்டுவார்கள். புல்லிவட்டம் பின்னால் மடங்கி, வெளி இதழ் ஒன்று தளரத் தொடங்கும் நேரம்தான் கணக்கு. முந்தி வெட்டினால் மொட்டு விரியாமலே கழுத்து ஒடிந்து தொங்கும், பிந்தினால் வழியிலேயே மலர்ந்துவிடும். சிவப்பைக் கொஞ்சம் தளர விட்டும், மஞ்சளைக் கொஞ்சம் இறுக்கமாகவும் வெட்டுவது தொழிலறிந்தவர்களின் பழக்கம். முள்ளும் கீழிலையும் நீக்கி, பூத்தலைகளை ஒரே மட்டமாக அடுக்கி, கடதாசியில் சுற்றிக் கட்டுவார்கள். பெரும்பாலும் இருபது பூவுக்கு ஒரு கட்டு.

இந்தக் கட்டில்தான் சோடி பிறக்கிறது. ஒரே வகை, ஒரே நாள், ஒரே கூடாரம் என்றால்தான் நிறம் நிறத்தோடு சேரும். திங்கள் வெட்டிய சிவப்பும் புதன் வெட்டிய சிவப்பும் தனித்தனியே பார்க்கையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் வைத்தால் ஒன்று பழையதென்று கண் சொல்லிவிடும். கலியாணப் படத்தில் பொம்பிளையின் கையும் மாப்பிள்ளையின் நெஞ்சும் ஒரு சாண் தூரத்தில் நிற்கின்றன. ஆகவே கைக்குப் பத்தொன்பது, கோட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் கட்டிலேயே சின்னதாய், பாதி விரிந்ததாய் இருக்கவேண்டும். மாப்பிள்ளைத் தோழனுக்கும் இரண்டு தகப்பன்மாருக்கும் என்றால் இன்னும் மூன்று போகும்.

கோட்டில் பூக் குத்துகிற வழக்கம் எங்கிருந்து வந்தது? விக்டோரியா மகாராணி தங்கள் கலியாணத்தின்போது கொடுத்த பூவை வைக்க இடமில்லாமல் மாப்பிள்ளை ஆல்பர்ட் கத்தியெடுத்துத் தன் கோட்டில் துளை போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. 1840 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த அந்தக் கலியாணத்தில் ஆல்பர்ட் உடுத்தியிருந்தது ஃபீல்ட் மார்ஷல் சீருடை. அதைக் கத்தியால் கிழித்தார் என்பதை நம்ப எனக்கு மனமில்லை. துளைக்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இருக்கிறது. முன்பு கோட்டைக் கழுத்து வரை பூட்டினார்கள். பிறகு மேல்பகுதியை மடித்துப் போடும் மோஸ்தர் வந்தது. பொத்தான் போய்விட்டது, அதற்கான துளை மட்டும் மடிப்பில் மிஞ்சியது. சும்மா கிடந்த துளையில் யாரோ பூவைச் செருகினார்கள். நேரு மார்பில் ரோஜா குத்தியது நம்மவர்களுக்கு இந்த வழக்கத்தை உள்ளூர்ச் சங்கதிபோல ஆக்கிவிட்டது. இன்றைய கோட்டுகள் பலவற்றில் அந்தத் துளை தைத்து மூடிய பொய்த் துளை. ஊசிதான் கதி.

மலையிலிருந்து கரைக்கு வர இரண்டு வழி. கண்டிக்கு இறங்கி, கட்டுகஸ்தோட்டையில் தொடங்கும் ஏ10 பாதையில் குருநாகலைத் தாண்டிப் புத்தளம் வரலாம். அல்லது கொழும்புக்குப் போய், மொத்தக் கடையில் ஓர் இரவு கிடந்து, ஏ3 பாதையில் நீர்கொழும்பு வழியாகச் சிலாபம் வரலாம். கொழும்பில் பூக்கடைகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று பொரளை, கனத்தை மயானத்தின் பக்கம். கலியாணக் கட்டும் மலர்வளையக் கட்டும் அங்கே ஒரே வாளித் தண்ணீரில் நிற்கும். எந்த வழியென்றாலும் பூ இறங்குவது பதினாறு பாகைக் குளிரிலிருந்து முப்பதுக்கு. ரோஜாவைப் பூட்டி வைக்க நல்ல குளிர் ஒன்றிலிருந்து நான்கு பாகை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகையும் அதன் ஆயுளைத் தின்கிறது.

இங்கேதான் மீன்கரையின் கெட்டித்தனம் கைகொடுக்கிறது. குளிரைக் கட்டிக் காப்பதில் இவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாரை மீனுக்கும் இறாலுக்கும் பழகிய ரெஜிபோம் பெட்டி பூவுக்கும் ஆகும். ஆனால் மீனை ஐஸில் புதைக்கிற மாதிரி ரோஜாவைப் புதைக்கக் கூடாது. ஐஸ் தொட்ட இதழ் தவிட்டு நிறமாகக் கருகும், நடுவில் தடிப்பாகப் பத்திரிகைக் கடதாசி வேண்டும். வீட்டுப் பிரிட்ஜில் வைப்பதானால் மாம்பழமும் வாழைப்பழமும் வெளியே போகவேண்டும். பழுக்கும் பழம் விடுகிற எதிலீன் வாயு ரோஜாவையும் முதுமைக்குத் தள்ளிவிடும். கலியாண வீட்டில் வாழைப்பழம் இல்லாத மூலையைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை.

நாள் குறிப்பதிலும் பூவுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கரையின் கத்தோலிக்கர் தவக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே ஆண்டுத் தொடக்கத்துக் கலியாணங்கள் திருநீற்றுப் புதனுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். அந்தப் புதன் பெப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் எங்காவது விழும். உலகம் முழுவதும் ரோஜாவுக்கு அடிபடும் வாரம் பெப்ரவரி 14க்கு முந்தியது. 2018இலும் 2024இலும் திருநீற்றுப் புதனே பெப்ரவரி 14ஆம் திகதிதான். காதலர் தினமும் சாம்பலும் ஒரே நாளில். தவக்காலத்துக்கு முன் கலியாணத்தை முடிக்க நினைத்தவர்கள் ரோஜா விலை உச்சத்தில் நிற்கையில் கடை ஏறினார்கள். தமிழ்நாட்டில் ஓசூர்ப் பண்ணைகள் இந்த வாரத்தைக் குறிவைத்தே டிசம்பரில் செடியைக் கவாத்துப் பண்ணுகின்றன. வெட்டிய கிளை மறுபடி மொட்டுவிட ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நம் கலியாண வீட்டார் அட்டை அடிப்பதற்கு முன்பே, முகம் தெரியாத ஒருவர் அந்த விலையை உண்டாக்கும் பூவுக்குக் கத்தரிக்கோல் எடுத்துவிடுகிறார்.

அட்டையைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. பாட்டி செபமாலை சொல்வது தமிழில், பேத்தியின் கலியாண அட்டை சிங்களத்தில் என்பது சிலாபப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கதை. பூவுக்கு அந்தச் சிரமம் இல்லை. எந்தப் பாஷையில் கேட்டாலும் பொம்பிளையை அலங்கரிக்கும் டிரெஸ்ஸர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தோழிப்பெண்களின் சாறி என்ன நிறம்?

இந்த டிரெஸ்ஸரே பல கலியாணங்களில் பூவுக்கும் பொறுப்பு. தோழிமாரின் சாறித் துண்டும் தோழனின் டையும் அவர் கைக்கு முதலிலேயே வந்துவிடும், பூ அதற்குப் பொருந்த வேண்டும். இதில் வெள்ளைதான் வில்லங்கம். சாட்டின் வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த வெள்ளை ரோஜாவும் மஞ்சளடித்துத் தெரியும். தந்த நிறத் துணி எடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

பூச்செண்டு கட்டுவது பார்வைக்குப் பெரிய வேலை, உண்மையில் கோட்டுப் பூதான் கைவேலை. செண்டுக்குக் காம்பை நீளமாக விட்டு, சாய்த்துச் சாய்த்துச் சுழற்றி அடுக்கி, ஓரிடத்தில் இறுக்கிக் கட்டினால் போதும். அடிக்காம்பைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டினால் காற்றுக்குமிழ் ஏறாது. விடியும்வரை வாளியில் நிற்கும், குடித்துக்கொண்டேயிருக்கும். கோட்டுப் பூவுக்கு இந்தச் சலுகை கிடையாது. காம்பை இரண்டு அங்குலத்துக்குள் தறித்து, புல்லிவட்டத்துக்குக் கீழே மெல்லிய கம்பியை ஊடுருவ விட்டு மடக்கி, பின்னால் ஒரு பன்னத் துண்டை வைத்து, பச்சை டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். சுற்றி முடிந்த நிமிடத்தோடு தண்ணீர் நின்றது. அதன் பிறகு இதழுக்குள் இருக்கிற ஈரம்தான் அதன் முழுச் சொத்து. அதனால் இதைக் கடைசியில் செய்வார்கள், நனைத்த ரிஷூவில் பொதிந்து மூடி வைப்பார்கள், மாப்பிள்ளை கோட்டைப் போட்ட பிறகே எடுப்பார்கள்.

குத்துவது இடது பக்கம், இதயப் பக்கம். ஊசி மடிப்பின் பின்னாலிருந்து ஏறிக் காம்பைத் தாண்டிப் பின்னாலேயே இறங்கினால் முன்னால் இரும்பு தெரியாது. தகப்பன்மாரின் பூவைக் குத்த யாராவது ஒரு மாமி முன்வருவார், தலைகீழாகக் குத்துவார், டிரெஸ்ஸர் ஓடிவந்து திருத்துவார்.

பூசை தொடங்குகிறது. மின்விசிறிகள் சுழன்றாலும் பட்டுச் சாறியும் கோட்டும் நிறைந்த கோவில் சூடேறும். வாசகம், பிரசங்கம், வாக்குறுதி, மோதிரம், தாலி ஆசீர்வாதம். பெரும்பகுதி நேரம் பூச்செண்டு தோழிப்பெண்ணின் கையிலோ மடியிலோ தலை நிமிர்ந்து இருக்கிறது. கோட்டுப் பூ கம்பளித் துணியில், கழுத்துச் சூட்டில், கட்டிப்பிடித்து வாழ்த்துகிற ஒவ்வொருவரின் மார்பிலும் நசுங்கிக்கொண்டு நிற்கிறது. வாசலில் எடுக்கிற முதல் படத்தில் இரண்டும் ஒரே சிவப்பு. மண்டபத்தில் கேக் வெட்டும்போது உற்றுப் பார்த்தால் பிரிவு தெரியும். வாடுகிற ரோஜாவில் புரதம் சிதைந்து இதழின் அமிலத்தன்மை குறைகிறது. அமிலம் குறைந்தால் சிவப்பு நிறமி நீலச் சாயை காட்டும். செண்டு இன்னும் சிவப்பு, கோட்டுப் பூ ஊதா ஏறிய சிவப்பு. காலையில் ஒரே கட்டில் இருந்தவை. இதைத் தெரிந்த படப்பிடிப்பாளர்கள் சோடிப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்து முடிப்பார்கள்.

இந்தத் தொந்தரவெல்லாம் வேண்டாமென்று துணிப்பூவுக்கும் ஃபோம் பூவுக்கும் மாறியவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாடாது, நிறம் மாறாது, பெப்ரவரியில் விலை ஏறாது. ஆனால் பூசை முடிவில் பொம்பிளை பூவைத் தேவமாதாவின் பீடத்தில் வைத்துச் செபிக்கும் வழக்கம் இருக்கிறதே, அங்கே துணிப்பூவைக் கொண்டுபோய் வைக்க எனக்கென்றால் கை கூசும். சிலர் அதற்காகவே உண்மை ரோஜாவில் ஒரு சின்னச் செண்டு தனியாகச் செய்விக்கிறார்கள்.

மாதா பீடத்துக்குப் போவது எந்தச் செண்டு என்பதை வைத்து அதன் மிச்ச ஆயுள் தீர்மானமாகிறது. நீளக் காம்போடு கட்டியதென்றால் கோவிலைக் கவனிப்பவர் ரிபனைக் கழற்றி, அடியை ஒரு விரற்கடை தறித்துச் சாடியில் வைப்பார், இன்னும் மூன்று நான்கு நாள் நிற்கும். ஒவ்வொரு பூவும் கம்பியில் ஏறிய செண்டு என்றால் அடுத்த நாளே குப்பை. அதிலும் கம்பியைப் பிரித்தெடுக்காமல் தென்னை மரத்தடியில் போட முடியாது. செண்டு கட்டக் கொடுக்கும்போதே “காம்பை விட்டுக் கட்டுங்கோ, கோவிலில வைக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அந்த வேலை மிச்சம்.