மதுரை பங்கரும் மெலடோனின் மாத்திரையும்

"ராத்திரி வெளிச்சத்துல வேலை பார்த்தா மெலடோனின் குறையும், அது குறைஞ்சா கரு நிக்காது, மாத்திரை போட்டா சரியாயிடும்." அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நைட் ஷிஃப்ட் போகும் பெண்கள் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பார்கள். இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ராத்திரி வேலையும் பெண் உடலும் என்ற வாதம் பழையது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 66ஆம் பிரிவு, பெண்களை இரவு ஷிஃப்டில் வைக்கத் தடை போட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பாதுகாப்பு நிபந்தனைகளோடு, வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு பெண்கள் கைக்கு வந்தது.

மெலடோனினைக் கண்டுபிடித்தவர் ஒரு தோல் மருத்துவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் 1958இல் மாட்டு மூளையின் பீனியல் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோல் நிறத்துக்கான மருந்து. கிடைத்ததோ இரவு ஹார்மோன். இருட்டில் சுரக்கும், பளிச்சென்ற வெளிச்சத்தில் அடங்கிவிடும் என்பது மனிதர்களிடம் 1980இல் உறுதியானது. ஆக, முதல் வரி சரி.

இரண்டாவது வரிக்கு நாம் மதுரைக்குப் போக வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உடல் கடிகார ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய பள்ளியையே உருவாக்கினார். முதலில் குகை வௌவால்கள், பிறகு மனிதர்கள். கடிகாரம், சூரிய வெளிச்சம், வெளியாள் சத்தம் எதுவும் எட்டாத ஒரு தனிமை அறை. அதைத்தான் பங்கர் என்றார்கள். உள்ளே இருப்பவர் தூக்கம் வந்தால் தூங்கலாம், பசித்தால் சாப்பிடலாம். சில நாளில் அவருடைய "ஒரு நாள்" 24 மணி நேரத்தை விட்டு விலகிவிடும்.

அந்த அறையில் ஒரு பெண் தங்கிய சோதனையின் முடிவு 1991இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. அவருடைய மாதவிடாய்ச் சுழற்சி, தூக்கம்-விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டும் ஒரே கிளாக்கில் ஓடவில்லை.

ஒரே ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். அமெரிக்காவில் சுமார் 71,000 நர்ஸுகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வந்தது. நீண்ட காலம் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்தவர்களிடம் ஒழுங்கற்ற மாதவிடாய் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. தொடர்பு உண்டு, ஆனால் 'தூக்கம் கெட்டால் கரு நிக்காது' என்ற நேர்க்கோடு இல்லை.

சரி, மாத்திரை? கருமுட்டை வளரும் சின்ன நீர்ப்பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். அதன் திரவத்தில் மெலடோனின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் என்று 1987இல் தெரிந்தது. ஏன் அங்கே? முட்டை வெளிவரும்போது அந்த இடத்தில் ஆக்சிஜன் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகும். அளவோடு இருந்தால் அவை தேவை. மிஞ்சினால் இரும்பில் துரு ஏறுவது போல முட்டையைக் கெடுக்கும். அதற்குத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர். மெலடோனின் அந்தத் துருவைத் தடுக்கும்.

இதை நம்பி ஜப்பானில் தமுரா குழு, ஐ.வி.எஃப். சிகிச்சையில் இருந்த பெண்களுக்கு தினம் 3 மில்லிகிராம் கொடுத்தது. 2008இல் முடிவு வந்தது: கருவாகும் முட்டைகளின் விகிதம் அவர்களுடைய முந்தைய சுழற்சியில் சுமார் 20 சதவீதம், மாத்திரைக்குப் பின் 50. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கர்ப்பமானது மாத்திரை எடுத்த 56 பேரில் 11 பேர், எடுக்காத 59 பேரில் 6 பேர். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம்.

2018இல் ஆஸ்திரேலியாவில் 160 பெண்களிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாத்திரை என்று தெரியாமல் சோதித்தார்கள். கர்ப்ப விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதுவும் சின்ன ஆய்வுதான். கதவு மூடவில்லை, திறக்கவும் இல்லை.

ஆக, நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணிடம் "உன் வேலையாலதான் குழந்தை இல்லை" என்று சொல்ல இந்த வரலாற்றில் ஆதாரம் கிடையாது. மாத்திரை வாங்கச் சொல்லவும் கிடையாது. மாதவிடாய் தள்ளிப்போனால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ். மாதிரி காரணங்களை மகப்பேறு மருத்துவரிடம் பார்க்கலாம். கணவருக்கும் பரிசோதனை வேண்டும். அதைத்தான் நம்ம ஊரில் கடைசியாகச் செய்கிறோம்.

மதுரை வௌவால்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். அடுத்த முறை பார்ப்போம்.