சூரிக்: தொழில்நுட்பப் பள்ளி பல்கலைக்கழகமான வரலாறு

1848இல் கூட்டாட்சி நாடாக உருவான சுவிட்சர்லாந்தின் அரசியலமைப்பு, நாட்டுக்குப் பொதுவாக ஒரு பல்கலைக்கழகமும் ஒரு தொழில்நுட்பப் பள்ளியும் அமைக்க இடம் தந்தது. மாநிலங்களின் எதிர்ப்பால் பல்கலைக்கழகத் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய பள்ளி 1855 அக்டோபரில் சூரிக் நகரில் திறக்கப்பட்டது. கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல், இயந்திரவியல், வேதியியல், வனவியல் என ஐந்து தொழிற்பிரிவுகள். கணிதம், அறிவியல், இலக்கியம் ஆகியவற்றுக்கு ஆறாவதாக ஒரு பொதுப்பிரிவு. பள்ளியைத் தொழிற்பயிற்சிக் கூடமாகச் சுருங்கவிடாமல் காத்தது இந்த ஆறாவது பிரிவுதான்.

ஆசிரியர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். 1849ஆம் ஆண்டு டிரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கேற்று நாட்டைவிட்டு வெளியேறிய கோட்ஃபிரீட் செம்பர் கட்டடக்கலை கற்பித்தார். முதன்மைக் கட்டடமும் அவர் வரைந்ததே. நேப்பிள்ஸ் அரசால் சிறையிடப்பட்டு வெளியேற்றப்பட்ட பிரான்செஸ்கோ தெ சாங்டிஸ் இத்தாலிய இலக்கியம் நடத்தினார். இயற்பியலுக்கு ஜெர்மனியரான ருடால்ஃப் கிளாசியஸ். புகலிடம் தேடி வந்த அறிஞர்களை மதித்து ஏற்றதால்தான் ஒரு சிறிய நாட்டுக்கு இத்தகைய ஆசிரியர் குழு வாய்த்தது. மாணவர் சேர்க்கையிலும் அதே தாராளம். பின்னாளில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த ரான்ட்கனை, பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாதபோதும் சேர்த்துக்கொண்டு 1868இல் இயந்திரப் பொறியாளராக அனுப்பியது. 1871இல் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் இடம் கொடுத்தது.

இத்தனை இருந்தும் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை மட்டும் இல்லை. ரான்ட்கன் அப்பட்டத்தை 1869இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் பெற்றார். 1895இல் நுழைவுத் தேர்வில் தவறி, மறு ஆண்டு சேர்ந்து, 1900இல் படிப்பை முடித்த ஐன்ஸ்டைனும் 1905இல் அங்கேதான் பட்டம் பெற்றார். உலகப் புகழ்பெறவிருந்த மாணவர்களின் ஆய்வுக்குத் தன் பெயரில் பட்டம் தர முடியாதது பள்ளிக்குப் பெரும் குறை. 1909 முதல் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. 1911இல் பெயரும் கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் என மாறியது. பள்ளி உண்மையில் பல்கலைக்கழகமானது இந்த ஆண்டுகளில்தான். 1912இல் ஐன்ஸ்டைன் பேராசிரியராகத் திரும்பி வந்தார்.

பின்னர் கணினித் துறையிலும் நிறுவனம் இறங்கியது. 1950இல் ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசேயின் இசட்4 கணினியை வாடகைக்கு எடுத்தது. 1970 அளவில் நிக்லாஸ் விர்த் பாஸ்கல் நிரல்மொழியை இங்கே உருவாக்கினார். நகர நடுவில் இடம் போதாமல் 1960களில் ஹொங்கர்பெர்க் குன்றில் இரண்டாவது வளாகம் எழுந்தது. இப்போது 25,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்கிறார்கள். முதுநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. முதன்மைக் கட்டடத்துக்கு அருகே ஏறிச்செல்லும் 1889ஆம் ஆண்டின் இழுவை ரயிலுக்கு மட்டும் இன்றும் பழைய பள்ளியின் பெயரே: பாலிபான், அதாவது பாலிடெக்னிக்கின் ரயில்.