மருந்து சொன்ன கணிப்பொறி

பட்டம் பெறுவதற்காக எழுதப்படும் ஆராய்ச்சி ஏடுகள் நூலக அலமாரியில் உறங்கப் பிறந்தவை என்று சிலர் சொல்வதுண்டு. அச்சொல்லில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், மாணவர் ஒருவரின் ஆராய்ச்சி, மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்கே வழி வகுத்த வரலாறும் உண்டு. அவ்வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்னும் இளைஞர் மருத்துவம் பயின்று வந்தார். அதனோடு, முனைவர் பட்டத்திற்கான ஆராய்ச்சியையும் அவர் மேற்கொண்டார். கணிப்பொறி அறிஞர் புரூஸ் புக்கானனும் மருத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கோஹனும் அவருக்குத் துணை நின்றனர்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் யாது? குருதியில் நுண்கிருமி புகுந்து ஒருவர் உயிருக்குப் போராடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கிருமி என்று அறிய, ஆய்வுக்கூடத்தில் அதனை வளர்த்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஓரிரு நாட்கள் ஆகும். நோயோ அதுவரை காத்திராது. ஆகவே, கிருமி இன்னதெனத் திட்டமாய்த் தெரியுமுன்பே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் போன்ற மருந்துகள் பெருகப் பெருக, அத்தேர்வு கடினமாயிற்று. தேவையற்ற மருந்து தருவதும் மிகுந்தது. இந்நிலையில் மருத்துவருக்கு ஆலோசனை கூறும் கணிப்பொறி நிரல் ஒன்றை ஷார்ட்லிஃப் உருவாக்கினார். பல மருந்துப் பெயர்களின் இறுதியில் வரும் ‘மைசின்’ என்ற ஒலியே அதற்குப் பெயராயிற்று.

வல்லுநர்களின் அனுபவ அறிவு அதனுள் விதிகளாக எழுதப்பட்டது. நாளடைவில் அவ்விதிகள் சுமார் 500 ஆகப் பெருகின. ஒரு விதியைக் கேளுங்கள்: கிருமி கிராம் சாயத்தை ஏற்காததாகவும், கோல் வடிவினதாகவும், காற்றின்றி வாழ்வதாகவும் இருப்பின், அது பாக்டீராய்ட்ஸ் இனமாக இருக்கக்கூடும், இதன் உறுதி 0.6. மருத்துவம் ஐயத்தோடு வாழும் கலை. அந்த ஐயத்தையும் எண்ணால் குறிக்க அவர் முயன்றார்.

ஆனால், என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்த எண்ணன்று. கணிப்பொறி மருத்துவரிடம் ஒரு வினாவைக் கேட்டால், மருத்துவர் விடையளிக்குமுன், “ஏன் கேட்கிறாய்?” என்று அதனையே திருப்பிக் கேட்கலாம். இன்ன விதியைச் சோதிப்பதற்காகவே கேட்கிறேன் என்று அது விளக்கும். இம்முடிவை எவ்வாறு அடைந்தாய் என்று வினவினாலும் விடை கூறும். காரணம் சொல்லாத ஆலோசகரை எந்த மருத்துவரும் நம்பமாட்டார் என்பதை அம்மாணவர் நன்கு உணர்ந்திருந்தார்.

முனைவர் பட்டம் 1975-இல் கிட்டியது. ஆனால் சோதனை இனிமேல்தான் இருந்தது. 1979-இல் அதன் முடிவு வெளியாயிற்று. மூளை உறை அழற்சியால் வருந்திய பத்து நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு, ஸ்டான்ஃபோர்டின் வல்லுநர் ஐவர், பயிற்சி மருத்துவர் இருவர், மாணவர் ஒருவர் ஆகியோரும் மைசினும் தனித்தனியே மருந்து குறித்தனர். நோயாளிகளுக்கு உண்மையில் தரப்பட்ட மருந்துகளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. வெளியிடங்களைச் சேர்ந்த எட்டு வல்லுநர்கள், எது யாருடையது என்றறியாமலே மதிப்பிட்டனர். மைசினின் பரிந்துரைகளில் 65 விழுக்காடு ஏற்கப்பட்டன. ஸ்டான்ஃபோர்டு வல்லுநருள் முதல்வர் பெற்றது 62.5. கணிப்பொறி வென்றது என்று ஆரவாரிப்பதற்குமுன் சற்று நில்லுங்கள். முதலிடம் பெற்றதற்கே 65தான் கிடைத்தது என்றால், வல்லுநர்களுக்குள்ளேயே எத்துணைக் கருத்து வேற்றுமை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய மைசின், மருத்துவமனையின் அன்றாடப் பணியில் ஒருநாளும் அமரவில்லை. ஒரு நோயாளியைப் பற்றி அதனோடு உரையாட அரை மணி நேரம் வரை ஆயிற்று. விவரங்கள் அனைத்தையும் மருத்துவரே தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. அதன் சொல் பிழைத்தால் பொறுப்பு யாருடையது என்ற வினாவும் எஞ்சி நின்றது.

அப்படியானால் அது தோல்வியா? அன்று. வில்லியம் வான் மெல் என்ற மற்றொரு மாணவர், மைசினிலிருந்து மருத்துவ விதிகளை நீக்கி, அனுமானிக்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்தார். அதனைக் கொண்டு உருவான நுரையீரல் சோதனை நிரல், சான் பிரான்சிஸ்கோ நகர மருத்துவமனை ஒன்றில் உண்மையிலேயே பயன்பட்டது.

வில்லியம் கிளான்சி என்ற மாணவரோ, மைசினின் விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் கற்பிக்க முயன்றார். அப்போதுதான் ஒரு குறை புலப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் தரலாகாது என்பது ஒரு விதி. ஏன் என்று கேட்டால், கணிப்பொறி அவ்விதியையே எடுத்துக் காட்டும். அம்மருந்து வளரும் பற்களில் படிந்து நிறம் மாற்றிவிடும் என்ற காரணத்தை அது அறியாது. ஏனெனில் அதனை யாரும் எழுதி வைக்கவில்லை. விதியை அறிவது வேறு, விதியின் காரணத்தை அறிவது வேறு என்று அந்த மாணவர் ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

இன்றைய கணிப்பொறிகள் பிறர் எழுதித் தரும் விதிகளை எதிர்பார்ப்பதில்லை. இலட்சக்கணக்கான படங்களைக் கண்டு தாமே பழகிக்கொள்கின்றன. விழித்திரைப் படத்தையும் நுரையீரல் படத்தையும் வியக்கத்தக்க வகையில் படிக்கின்றன. எனினும், ஏன் என்ற வினாவுக்கு அவற்றிடமிருந்து தெளிந்த விடை பெறுவது மைசினின் நாளைக் காட்டிலும் அரிதாகியுள்ளது. நோயாளியின் உயிர் அவ்விடையைப் பொறுத்திருக்கலாம்.

நாளை உங்களுள் சிலர் இத்துறையில் ஆராய்ச்சி செய்யக்கூடும். உங்கள் நிரல் மருத்துவமனையில் இடம்பெறாமற் போகலாம். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. நல்ல வினாவைத் தேர்ந்தெடுங்கள். கண்டதை நடுநிலையாளர் முன் சோதனைக்கு வையுங்கள். குறை தெரிந்தால் மறைக்காது எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவர் அந்தக் குறையிலிருந்தே தம் ஆராய்ச்சியைத் தொடங்குவார்.