நொய்யலும் சவ்வும்

நொய்யலைக் கெடுத்தது சாயத்தின் நிறம் மட்டும்னு நினைக்கிறோம். பெரிய வில்லன் உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பை அள்ளிப் போடுவாங்க. அவ்வளவும் ஆற்றுக்கே வந்தது. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகவே மாறிப்போச்சு. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்றது. பிறகும் விட்டுக்கொண்டிருந்த பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடச் சொன்னது.

உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு வழி திறந்தவர்கள், 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஆராய்ந்த லோபும் சௌரிராஜனும். இப்போ பாலிமரில் களிமண் கலந்த சவ்வு பற்றி ஏகப்பட்ட கட்டுரைகள். மெத்திலீன் நீலத்தை அது அருமையாகப் பிடிக்கும். காரணம், நீலம் நேர்மின் சாயம், களிமண் எதிர்மின். ரியாக்டிவ் சாயமோ களிமண் மாதிரியே எதிர்மின், சுலபத்தில் ஒட்டாது! புராஜெக்ட்டுக்கு நீலத்தையே எடுக்கும் தம்பி தங்கைகளே, திருப்பூர் சாயத்தண்ணி ஒரு கேன் கொண்டுவந்து ஊற்றிப் பாருங்க.