ராணிக்குப் போன விருந்து

சர்க்கரை டப்பாவை நோக்கி எறும்பு ஊர்வலம். பார்த்ததும் என்ன செய்வீர்கள்? ஸ்ப்ரேயை எடுத்து 'புஸ்ஸ்...' என்று ஒரு அடி. அத்தனையும் காலி! மறுநாள் காலை பார்த்தால், அதே ஊர்வலம்... வேறு ரூட்டில்!

வெட்கப்படாதீர்கள். இதே தப்பை ஒரு வல்லரசு விமானம் வைத்துச் செய்தது.

1930-களில் தென் அமெரிக்காவிலிருந்து டிக்கெட் இல்லாமல் கப்பலேறி, அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது சிவப்பு நெருப்பெறும்பு. கடித்தால் தீக்கொப்புளம்தான்! (1942-ல் அங்கே ஒரு காலி மனையில் அதன் புற்றைக் கண்டு குறித்துவைத்த பள்ளிக்கூடப் பையன்தான், பிற்பாடு எறும்பு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் வில்சன்!)

1957-ல் அமெரிக்க விவசாயத் துறை போர் முரசு கொட்டியது. ஹெப்டாகுளோர், டீல்ட்ரின் என்ற கடும் விஷங்களைக் குருணையாக்கி, ஏக்கருக்கு 2 பவுண்டு வீதம் வானத்திலிருந்து தூவினார்கள். காடைகள் செத்து விழுந்தன. ஹெப்டாகுளோரின் எச்சம் பாலுக்கும் வந்துவிட, 1959-ல் 'உணவில் இது துளிகூட இருக்கக் கூடாது' என்று அரசின் இன்னொரு துறையே உத்தரவு போட வேண்டியதாயிற்று. 1962-ல் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கூத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

எறும்பு? சௌக்கியமாகப் பரவிக்கொண்டிருந்தது!

காரணம் எளிது. வெளியே திரிகிறவை வெறும் வேலைக்காரிகள். முட்டையிடும் ராணி, புற்றுக்குள்ளே பத்திரமாக இருக்கிறாள். அவளைத் தொட ஒரே வழி, வேலைக்காரியின் வாய். கொண்டுவரும் திரவத்தை அவள் வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்கு ஊட்டுவாள். கெட்டி உணவை விழுங்க அவளால் முடியாது. அதைப் புழுக்களிடம் கொடுத்துக் கரைத்து வாங்க வேண்டும். ஆக, விஷம் மெதுவாக வேலை செய்ய வேண்டும். தூக்கிப்போகிறவள் வழியிலேயே செத்தால் ராணிக்கு விருந்து போய்ச் சேராதே!

அப்படிப் பிறந்ததுதான் மைரெக்ஸ் இரை. மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்து, சோயா எண்ணெயில் ஊறவைத்து, 0.3 சதவிகிதம் மட்டும் விஷம். எறும்புகள் ஆசையாகத் தூக்கிப்போய் ராணிக்கே படைத்தன. அபாரம்! 1962-லிருந்து கோடிக்கணக்கான ஏக்கரில் அதையும் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அங்கேதான் கோட்டைவிட்டார்கள். மைரெக்ஸ் லேசில் அழியாத சரக்கு. மீனுக்குப் போனது, மனிதர்களின் கொழுப்பிலும் தங்கியது. உள்ளூர் எறும்புகளும் செத்தன. காலியான இடத்துக்கு முதலில் திரும்பி வந்தது... நெருப்பெறும்பு! 'பூச்சியியலின் வியட்நாம்' என்றார் வில்சன். 1978-ல் மைரெக்ஸுக்கு மூடுவிழா.

உங்கள் சமையலறைக்கும் அதே கணக்குதான். சர்க்கரைத் தண்ணீரில் போரிக் அமிலம் நூற்றுக்கு ஒரு பங்கு போதும். 'சீக்கிரம் சாகட்டும்' என்று கூட்டினால் காரியம் கெடும். (குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்!) ஒரு வாரம், இரண்டு வாரம் அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்!

2001-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அதே நெருப்பெறும்பு தலைகாட்டியது. அங்கே ஹெலிகாப்டரில் தூவப்படுவது என்ன தெரியுமா? சோயா எண்ணெயில் ஊறிய மக்காச்சோளக் குருணை. உள்ளே இருக்கும் மருந்து மட்டும் வேறு. அது ராணியைக் கொல்வதில்லை, வாரிசு இல்லாமல் செய்துவிடுகிறது!