பையின் அடியில் தங்கிய வண்டல்

காயம்பட்ட இடத்தில் குருதி சிறிது கசிந்து தானே உறைந்து நின்றுவிடுவதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஹீமோபிலியா என்னும் பிறவிக் குறையுடையோர்க்கு அப்பேறு வாய்ப்பதில்லை. குருதியை உறையச் செய்யும் புரதங்களுள் எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ அவர்களிடம் குறைந்திருக்கும். விக்டோரியா அரசியாரின் மைந்தர் லியோபோல்டு, 1884-இல் கால் இடறி விழுந்து, முப்பதாம் வயதிலேயே மாண்டார். உண்மையில் வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் கசியும் குருதியே பெருந்துன்பம். முழங்கால் வீங்கி வீங்கி, நாளடைவில் மடங்க மறுத்துவிடும்.

பிறர் குருதியை ஏற்றினால் என்ன என்று மாணவர் வினவலாம். ஏற்றினார்கள். ஆனால் அதில் வேண்டிய காரணி மிகச் சிறிதளவே உண்டு. போதிய அளவு சேருமுன் நீர் மிகுந்து இதயம் தளர்ந்துவிடும்.

1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜூடித் கிரகாம் பூல் என்ற அம்மையார் ஒரு வழி கண்டார். குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவைப் பனிக்கட்டியாக்கி, பின்பு குளிர் நீங்காமலே மெல்ல உருகவிட்டால், பையின் அடியில் வெண்ணிற வண்டல் தங்கும். எட்டாம் காரணி அதில்தான் செறிந்திருந்தது! இரண்டு மேசைக்கரண்டி அளவுகூட இராத அவ்வண்டலை எந்த இரத்த வங்கியும் பிரித்தெடுக்கலாம். எஞ்சியது பிற நோயாளர்க்குப் பயன்படும். எளிய கண்டுபிடிப்பைக் குறைத்து மதிப்பது கற்றவர் சிலரின் இயல்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து வந்தது, வீட்டிலேயே கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளத்தக்க தூள். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். பெரியோர் தொழில் செய்தனர். ஆயின் வண்டல் ஒரு கொடையாளரின் குருதியிலிருந்து வந்தது. தூளோ பல்லாயிரவரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து ஆக்கப்பட்டது. அவருள் ஒருவரிடம் நோய்க்கிருமி இருப்பினும் கலவை முழுதும் கெடும். 1980-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் அவ்வழியே புகுந்தது. அமெரிக்காவில் ஹீமோபிலியா உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேரை அது பற்றியது. 1952-இல் ஒன்பதாம் காரணிக் குறையை மருத்துவர்கள் முதன்முதல் விளக்கியபோது, அதற்குத் தன் பெயரையே தந்த சிறுவர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ். குருதிவழி வந்த எய்ட்ஸ் நோயாலேயே அவரும் 1993-இல் உயிர்நீத்தார்.

1980-களின் நடுவில் தூளைச் சூடேற்றிக் கிருமியை அழிக்கும் முறை பரவிற்று. 1984-இல் எட்டாம் காரணியின் மரபணு பிரித்தறியப்பட்டது. அதைக்கொண்டு உயிரணுக்களில் வளர்த்த மருந்துக்கு 1992-இல் அமெரிக்கா இசைவளித்தது. அதன் விலை எட்டாத நாடுகள் சிலவற்றில், பூல் அம்மையாரின் வண்டலே இன்றும் பனிப்பெட்டியிலிருந்து எடுத்து உருக்கப்படுகிறது.