அம்மை குத்த வந்தவரும் கல்வி விரும்பனும்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்து வருவோரைப் பார்த்திருப்பீர்கள். அம்மை கண்டு பிழைத்தோரின் நேர்த்திக்கடனும் அதில் உண்டு. நம் பக்கத்தில் அம்மையை நோய் என்று சொல்வதில்லை. 'முத்துப் போட்டிருக்கிறது' என்போம். வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அயலாரை உள்ளே விடமாட்டோம். (தொற்றுநோய்க்கு இது நல்ல வழக்கமே.)

இத்தகைய வீடுகளைத் தேடித்தான், 1802-க்குப் பின், சென்னை மாகாணத்தில் அம்மை குத்துபவர் வந்தார். ஜென்னர் 1796-இல் செய்துகாட்டிய முறை அது. பசுவம்மை என்பது பெரியம்மைக்கு உறவான, ஆனால் சாதுவான நோய். அதை ஒருமுறை சந்தித்த உடல் பெரியம்மையையும் எதிர்க்கப் பழகிவிடுகிறது. குளிர்பெட்டி இல்லாத காலமாதலால், ஒரு குழந்தையின் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றினார்கள். பெற்றோர் மறுத்தனர். 'யார் வீட்டுப் பிள்ளையின் நீர்?' என்ற கேள்வியில் சாதி இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் அது வெறும் மூடத்தனமும் அன்று. இப்படி ஏற்றும்போது மேகநோயும் சேர்ந்து பரவக்கூடும் என்பது பிற்காலத்தில் மருத்துவர்களே கண்ட உண்மை.

மக்களை இணங்கவைக்கச் சென்னையில் ஒரு விசித்திர முயற்சி நடந்தது. திருக்குறளுக்கு ஆங்கில விளக்கம் எழுதிய கம்பெனி அதிகாரி எல்லிஸ், தமிழில் ஒரு கதை புனைந்தார். அம்மை குத்துவது வெள்ளையர் கண்டதன்று, பசுவின் வழியே அம்மனே அருளியது என்பது அதன் கருத்து. 1819-இல் சென்னைப் பத்திரிகையொன்றில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில், இம்முறை தன்வந்திரியின் பழஞ்சுவடியில் உள்ளதென்று ஒரு கடிதமும் வெளியாயிற்று. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அதை நம்பி எடுத்தாண்டன. 'ஜென்னருக்கு முன்பே நாம் அறிந்தோம்' என்று இன்றும் சிலர் மேடையில் முழங்குவதன் மூலம் இதுதான்! உண்மையில் 18-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் இருந்தது, மனிதரின் பெரியம்மைச் சீழையே கீறி ஏற்றும் வேறொரு முறை.

எல்லிஸின் நோக்கம் நல்லதே. ஆனால் பெற்றோர் கேட்ட கேள்விக்கு அந்தக் கதையில் விடை இல்லை. கதை கேட்டு ஊசிக்குக் கை நீட்டியவர், வேறொரு கதை கேட்டால் கையை இழுத்துக்கொள்வார்.

2021 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 15-ஆம் தேதி நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். 'ஊசியால்தான்' என்ற பேச்சைத் தேநீர்க்கடைகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். படித்தவர்களும் பின்வாங்கினார்கள். சற்றுக் கணக்குப் போடுவோம். நம் நாட்டில் சாதாரண நாளிலேயே பல காரணங்களால் 20,000 பேருக்குமேல் இறக்கின்றனர். கோடிக்கணக்கானோர் ஊசி போடும்போது, போட்ட மறுநாள் வேறு காரணத்தால் இறப்பவர் சிலர் இருந்தே தீர்வர். ஆகவே 'ஊசிக்குப் பின் இறந்தாரா?' என்று கேட்டுப் பயனில்லை. 'ஊசி போட்டவர்களிடையே இறப்பு, போடாதவர்களிடையே உள்ளதைவிட மிகுந்ததா?' என்று கேட்க வேண்டும்.

விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு கூறிய செய்தி அக்டோபரில்தான் வந்தது. இரண்டாம் அலை அதற்குள் வந்து போய்விட்டிருந்தது.